வாசலில் நிற்பவர் உட்காரலாமா?

எங்கள் நிலையத்தில் விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. குழாய் ஒழுகினாலும், மின்விசிறி நின்றாலும், மூன்று நாள் விடுப்பு வேண்டுமென்றாலும் கேள்வியாகத்தான் எழுதித் தர வேண்டும். மேலைத் தத்துவத்தை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட இடம் என்பதால் இங்கே கேள்வியைத் தவிர வேறெதற்கும் மரியாதை இல்லை. ‘குழாயைச் சரிசெய்யவும்’ என்று எழுதி வந்தால் கோப்புப் பிரிவிலேயே திருப்பிவிடுவோம். ‘ஒழுகும் குழாய் ஒழுகத்தான் வேண்டுமா?’ என்று எழுதி வந்தால் பதிவெண் போட்டு மேலே அனுப்புவோம். அந்தக் கேள்வி இப்போது நான்காம் மாடியில் இருக்கிறது. குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கோப்புப் பிரிவின் எழுத்தர் நான். இருபத்திரண்டு வருடத்தில் தத்துவம் படித்ததில்லை. ஐந்து மாடிக்கும் சுமந்திருக்கிறேன்.

கீழே படிப்பறை வாசலில் நிற்பவரை எல்லோரும் வாசலக்கா என்பார்கள். அவரைவிட இருபது வயது மூத்த எங்கள் இயக்குநரும் அப்படித்தான் கூப்பிடுவார். வருபவர்களின் பையை வாங்கி வைத்து எண் போட்ட வில்லை கொடுப்பதும், அறிஞர்களுக்கு இரண்டு கையிலும் புத்தகம் இருக்கும் என்பதால் அந்தக் கனத்த கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நிலையத்தின் விதிநூலில் ‘வாசலில் இருப்பவர் நிற்பார்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது கட்டளையா, வெறும் வர்ணனையா என்று இரண்டு பேர் ஆராய்ந்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். முடிவு தெரியாத காரணத்தால் அக்கா பதினொரு வருடமாக நின்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் மதியம் என் மேசைக்கு வந்தார்.

“சார், ஒரு ஸ்டூல் வேணும். எப்படி எழுதணும்னு தெரியல. பாதம் எரியுது, ஊசியா குத்துது. ரெண்டு விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. உக்காந்து வேலை பாருங்க, இப்படியே நின்னா ஒரு நாள் காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அவர் சொன்னதை அப்படியே எழுதினால் பதிவெண் விழாது. பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, ‘வாசலில் நிற்பவர் உட்காரலாமா?’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும், நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை. 

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்துவிட்டார். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். நிர்வாக அலுவலர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது? கேள்வி நிலுவையில இருக்கு. அதுக்குள்ள விடையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டா ஆராய்ச்சி என்ன ஆகிறது?”

ஸ்டூல் பறிமுதலானது. சான்றுப்பொருள் என்று அட்டை கட்டி என் அறையில் வைத்தார்கள். மேல்தட்டுக் கோப்புகளை எடுக்க நான் அதன் மேல் ஏறியிருக்கிறேன். இரண்டு முறை உட்கார்ந்தும் இருக்கிறேன். நல்ல ஸ்டூல்.

எங்கள் வழக்கப்படி, கேள்வி மனிதரைப் பற்றியது என்றால் அந்த மனிதர் ஒவ்வொரு பிரிவுக்கும் நேரில் போய் நிற்க வேண்டும். பிரிவுக்கு ஒரு மாடி. லிஃப்ட் நூல் சுமப்பவர்களுக்கு மட்டும். ஆகவே அக்கா படியேறினார், கோப்போடு நானும் ஏறினேன்.

முதல் மாடியில் பழங்காலப் பிரிவு. அதன் தலைவர் சாதுவான மனிதர், எறும்பு போனாலும் காலைத் தூக்கி வழிவிடுவார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி பேசினார்.

“அம்மா, யோசிக்கறதுக்கு முதல்ல என்ன வேணும்? ஓய்வு. கையால வேலை செய்யறவங்களுக்கு அது இருக்காது. அதனால யோசனையும் வராது. நான் யாரையும் குறை சொல்லல. இயற்கையே இப்படி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்குன்னு எங்க முன்னோடிகள் கண்டுபிடிச்சாங்க. சில பேர் யோசிக்கணும். மத்தவங்க அவங்க யோசிக்கறதுக்குத் தோதா இருக்கணும். நீங்க கீழ நிக்கறதாலதானே நான் இங்க உக்காந்து நீதின்னா என்னன்னு யோசிக்க முடியுது?”

“இன்னும் எவ்வளவு நேரம் சார் யோசிப்பீங்க?” என்றார் அக்கா. அதில் நக்கல் இல்லை. கீழே கதவைப் பிடிக்க ஆள் இல்லையே என்ற கவலை.

“ரெண்டாயிரத்து நானூறு வருஷமா யோசிக்கறோம். கிட்ட வந்துட்டோம்.”

கோப்பில் அவர் எழுதியது: ‘அவரவர் வேலையை அவரவர் செய்வதே நீதி. வாசலில் நிற்பவர் உட்கார்ந்தால் வாசலில் உட்காருபவர் ஆகிவிடுவார். பிறகு வாசலில் நிற்பவர் யார்?’ அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் பாராட்டுக் குறிப்புடன் மேலே அனுப்பப்பட்டது.

இரண்டாம் மாடி உடைமைப் பிரிவு. அங்கிருந்து இருவர் அளவு நாடாவோடு வாசலுக்கே இறங்கி வந்தார்கள். அக்கா நின்று நின்று தரைக்கல்லில் பாத அகலத்துக்கு இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. குனிந்து தடவிப் பார்த்தார்கள்.

“இயற்கையா கிடக்கற ஒரு பொருள்ல ஒருத்தர் தன் உழைப்பைக் கலந்தா, அந்தப் பொருள் அவருக்கே சொந்தம். இதுதான் எங்க பிரிவோட அஸ்திவாரம்” என்றார் மூத்தவர்.

அக்காவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. “அப்போ இந்தக் கல்லு எனக்கா சார்?”

“அப்படி இல்ல. உங்க உழைப்பு நிலையத்துக்குச் சொந்தம். அதனால பள்ளமும் நிலையத்துக்குத்தான். ஆனா ஒண்ணு, நீங்க முழுச் சுதந்திரமான ஆள். உங்களை யாரும் கட்டிப் போட்டு நிக்க வைக்கல. நீங்களே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நிக்காம இருக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு.”

“அப்போ உக்காரலாமா?”

“தாராளமா. வேற எங்கயாவது.”

நிலையத்தின் சொத்து மேலும் தேயக் கூடாது என்று பள்ளங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, அக்காவை அரையடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். அங்கே தரை மேடு பள்ளமாக இருந்தது.

மூன்றாம் மாடி இன்ப துன்ப அளவைப் பிரிவு. உண்மையைச் சொன்னால் அங்கேதான் அக்காவின் காலைப் பற்றி முதன்முதலாக ஒருவர் விசாரித்தார். அட்டைக்காரர் என்று நாங்கள் அழைக்கும் ஆய்வாளர் அவர். முப்பத்தைந்து வயது, எப்போதும் சட்டைப் பையில் அச்சடித்த அட்டைகள்.

“வலி எவ்வளவுக்கா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க.”

“எட்டு இருக்கும் தம்பி.”

அவர் கூட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் படிப்பறைக்கு வருகிறார்கள். வாசலில் ஒருவர் நின்று வரவேற்பதால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு இன்பம். மொத்தம் முப்பது. ஒரு பக்கம் முப்பது, மறுபக்கம் எட்டு.

“உங்க வலி முப்பதைத் தாண்டினா உடனே ஸ்டூல் போட்டுடலாம்க்கா. நானே எழுதித் தரேன்.”

“பத்துக்குள்ளதானே சொல்லச் சொன்னீங்க?”

அட்டைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆமா. அளவுகோல் பத்தோட முடியுது.” நல்ல மனிதர். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து அளந்துகொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகள் வந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை. அம்மா மறந்து வைத்துவிட்டு வந்த மாத்திரையைக் கொடுக்க மதிய இடைவேளையில் ஓடி வந்தவள், அப்படியே என் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

“நான் நாள் பூரா உக்காந்து இடுப்பு போச்சு. எங்கம்மா நாள் பூரா நின்னு காலு போகப் போகுது. ஒரு ஸ்டூல் சார். நாலு காலு, மேல ஒரு பலகை. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“மூணாவது மாடி வரைக்கும் போயிருக்கும்மா. நல்லபடியா நகருது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிய பக்கத்தில் அந்தச் சிவப்பு ஸ்டூல் இருந்தது. வேலையை விட்டுவிடும்படி அம்மாவிடம் வாசலில் நின்று மன்றாடினாள். இந்த வேலை இருப்பதால்தான் மாத்திரையே கிடைக்கிறது, விட்டால் இரண்டும் போகும் என்றார் அக்கா. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள். இரண்டு நிமிடம் தாமதமானால் அங்கே அரை நாள் சம்பளம் வெட்டு.

நான்காம் மாடி வரலாற்றுப் பிரிவு. அங்கே ஏறும்போது எனக்கே கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அந்தப் பேராசிரியர் உழைப்பவர்களைப் பற்றி மட்டுமே ஒன்பது தடித்த புத்தகங்கள் எழுதியவர். அக்கா உள்ளே நுழைந்ததும் தோல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையையும் நீட்டி, திரும்பவும் உட்கார்ந்தார்.

“வாங்க! உங்களுக்காகத்தான் நாப்பது வருஷமா காத்திட்டிருக்கேன்!”

“கீழதான் சார் இருந்தேன்” என்றார் அக்கா.

“என்ன கேக்கறீங்க? ஒரு ஸ்டூலா?” அவர் குரல் உடைந்தது. “உலகமே உங்க கைக்கு வரப்போகுது, நீங்க ஒரு ஸ்டூலைக் கேக்கறீங்களே! ஸ்டூல் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? வலி குறையும். வலி குறைஞ்சா கோபம் குறையும். கோபம் குறைஞ்சா வரலாறு அப்படியே நின்னுடும். உங்களை உக்கார வைக்கறவன்தான் உங்க எதிரி. நான் உங்களுக்கு அந்தத் துரோகத்தைப் பண்ண மாட்டேன்.”

“எனக்குக் கோபமெல்லாம் இல்ல சார்.”

“அதுதான் பிரச்சனை. உங்களுக்கு உங்களைப் பத்தியே தெரியல. எங்களுக்குத் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அழுதிருந்தார். கோப்பில் ‘இப்போது இல்லை, எல்லாமும் சேர்ந்து ஒரே நாளில்’ என்று எழுதினார். தேதி குறிப்பிட வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். தேதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று நான் தயங்கியதற்கு, வரலாற்றுக்குத் தேதி போட நீ யார் என்று என்மேல் பாய்ந்தார்.

இறங்கும்போது அக்கா பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சார், அவர் எனக்கு நல்லது சொன்னாரா, கெட்டது சொன்னாரா?” எனக்குத் தெரியவில்லை. நல்லதாகத்தான் இருக்கும் என்றேன்.

ஐந்தாம் மாடி சமகாலப் பிரிவு. அதன் தலைவி எங்களை அறைக்குள்ளேயே விடவில்லை. கதவிடுக்கில் நின்று மிகுந்த மரியாதையோடு என்னிடம் மட்டும் பேசினார்.

“இதுவரைக்கும் இவங்களுக்காக எல்லாரும் பேசிட்டாங்க. அது எவ்வளவு பெரிய வன்முறை! நாங்க அதைச் செய்ய மாட்டோம். இவங்களால பேசவும் முடியாது. அந்த முடியாமையைத்தான் நாம காது குடுத்துக் கேக்கணும்.”

“நான் பேசுவேனே மேடம்” என்றார் அக்கா. “கால் எரியுது. ஸ்டூல் வேணும்.”

தலைவி கண்ணை மூடிக்கொண்டார். “பாத்தீங்களா? எங்க மொழியிலதான் பேச வேண்டியிருக்கு. என்ன ஒரு மௌனம்!”

அந்த மௌனத்தைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. பதினான்கு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. இரண்டு நாளும் அரங்கின் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். அந்த வாரம் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் அதில் போயிற்று. அதற்கு முந்தைய தடவை உடைமைப் பிரிவு அளவெடுத்ததில் போயிருந்தது.

இதற்கிடையே வெள்ளிக்கிழமை தவறாமல் அட்டைக்காரர் வந்தார். எட்டு, எட்டு, ஏழு என்று போய்க்கொண்டிருந்த எண், கருத்தரங்குக்குப் பிறகு ஐந்தானது. அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஒன்று.

“எரிச்சல் அடங்கிடுச்சு தம்பி. ராத்திரி தூக்கம் வருது” என்றார் அக்கா. குணமாகிறது என்றுதான் அவரும் நினைத்தார். செத்துப்போன மாதிரி இருந்த இரண்டு விரல் இப்போது எத்தனை விரல் என்று யாரும் கேட்கவில்லை. அட்டையில் அந்தக் கட்டம் இல்லை. கால் மரத்துப் போனதை நிலையம் முழுக்கக் கோட்டுப்படமாக வரைந்து ஒட்டினார்கள். அதற்கு எண்களைத் தட்டச்சு செய்தவன் நான். கோடு கீழே இறங்க இறங்க எனக்கும் மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது, இனி மகள் வந்து சண்டை போடமாட்டாள் என்று.

பூஜ்யம் வந்த வெள்ளிக்கிழமை மதியமே இயக்குநர் ஆண்டுவிழாவின் நிகழ்ச்சிநிரலை மாற்றினார்.

விழா ஐந்தாம் மாடி அரங்கில். முந்நூறு நாற்காலி, முந்நூறு பேர். இயக்குநர் பேசினார்.

“நண்பர்களே, ஏழைகளைப் பத்தியும் உழைக்கறவங்களைப் பத்தியும் நாம யோசிக்கறோமே தவிர, அவங்களுக்கு எதுவும் செய்யறதில்லன்னு வெளியில ஒரு பேச்சு உண்டு. இன்னிக்கு நான் பதில் சொல்றேன். நம்ம வாசல்ல ஒரு துன்பம் இருந்துச்சு. எட்டு. நாம ஸ்டூல் போடல. ஒரு ஆணி அடிக்கல. யாரோட இடத்தையும் மாத்தல. ஐந்து பிரிவும் சேர்ந்து யோசிச்சோம். அவ்வளவுதான். துன்பம் இன்னிக்குப் பூஜ்யம்! யோசனையாலயே ஒரு வலியைப் போக்க முடியும்னு உலகத்துலயே முதல் தடவையா நிரூபிச்சிருக்கோம்.”

பழங்காலப் பிரிவுத் தலைவர், இயற்கையின் ஏற்பாட்டுக்குப் பாதம் பழகிக்கொண்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். வரலாற்றுப் பேராசிரியர் மட்டும் கோபம் வீணாகிவிட்டதே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். கீழிருந்து ஐந்து மாடி ஏறி, அரங்கின் நடுவழியாக நடந்து வந்தார். நான் ஓரமாகக் கோப்போடு நின்றிருந்தேன். இயக்குநர் ஒலிவாங்கியை அவர் முகத்தருகே நீட்டினார்.

“சொல்லுங்க வாசலக்கா, இப்போ வலிக்குதா?”

“இல்லீங்க.”

“கொஞ்சம்கூட?”

“ஒண்ணுமே தெரியலீங்க.”

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. முந்நூறு பேரும் நின்றார்கள். அவ்வளவு காலி நாற்காலிகளை நான் எங்கள் நிலையத்தில் ஒருசேரப் பார்த்ததே இல்லை. நானும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினேன். தட்டிக்கொண்டே தற்செயலாகக் குனிந்தபோதுதான் நடுவழியின் கம்பளத்தைப் பார்த்தேன். அரங்க வாசலிலிருந்து மேடை வரை, ஒரு அடி விட்டு ஒரு அடி, ஒரே அளவில் சிவப்பாக அச்சு விழுந்திருந்தது. அக்காவின் இடது காலில் செருப்பு இல்லை.

மேடைக்கு ஓடினேன். “அக்கா, கால்.”

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். “செருப்பு எங்க சார் போச்சு?” என்றார். பிறகு மேடையிலேயே தரையில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். கருத்தரங்கு அறிவிப்பைப் பலகையில் குத்தப் பயன்படுத்திய குத்தூசி, கொண்டை வரைக்கும் குதிகாலில் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிக் கருத்திருந்தது. அது அன்று கருத்ததல்ல. விரலால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. கைதட்டல் நிற்கவில்லை. அவர் உட்கார்ந்ததையும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான்காம் நாள் அந்தக் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நான் மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் முதலில் காரணம் தேடினேன். மகள் கட்டிலோரம் இருந்தாள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

அட்டைக்காரர் உள்ளே வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வெள்ளிக்கிழமை. விட்டுப்போனா வரிசை கெட்டுடும்.”

அக்கா கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது. “வலிக்குது தம்பி. அந்தக் காலுதான். விரலெல்லாம் தீயில வெச்ச மாதிரி எரியுது. எல்லா விரலும் தெரியுது. ராத்திரி பூரா கத்தினேன். டாக்டர் அப்படித்தான் இருக்கும்ங்கிறார். பத்து போடுங்க.”

அட்டைக்காரர் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது.

“அந்தக் காலு இப்போ இல்லையேக்கா” என்று மெதுவாகச் சொன்னார். “இல்லாத காலுக்கு எப்படிப் போடறது?”

 மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அட்டைக்காரர் பழத்தை மேசையில் வைத்து, அட்டையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.